தேதி ஒட்டிய பத்தொன்பது பாட்டில்கள்

"அக்டோபர் 21, திங்கள். குழாய்த் தண்ணீர் காலை 6.20க்கு வந்தது, 7.45க்கு நின்றது. போன தடவைக்கும் இதற்கும் எட்டு நாள். நிறம் லேசாகப் பழுப்பு. வாடை இல்லை. மாதிரி எடுத்தாயிற்று. கிழக்கு வரிசை நான்காம் வீட்டில் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள்."

சில வருடங்களுக்கு முந்தைய என் நோட்டில் இப்படி இருக்கிறது. தண்ணீர் வந்த நேரத்தை எழுதுவதற்கென்றே தனி நோட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் பஞ்சு பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். வருகிற ஒவ்வொரு பஞ்சு லாட்டிலும் ஒரு கைப்பிடி எடுத்து, தேதியும் நேரமும் எழுதிய சீட்டை வைத்து, அந்த லாட்டின் நூல் முழுவதும் விற்றுத் தீரும்வரை பத்திரப்படுத்த வேண்டும். பிற்பாடு யாராவது குறை சொன்னால் எடுத்துக் காட்ட அது இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் பஞ்சு வரவில்லை. தண்ணீர் வந்தது.

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் தெருவில் ஏழு வீடுகள். தெற்கே தென்னந்தோப்பு, மேற்கே வாசலில் நின்றாலே மலை. பால்காரர் எங்கள் தெருவுக்குள் வர மறுப்பார். பாம்பு கிடக்கும் என்பார். இந்த நோட்டு எழுதிய வருடம் வீடுகள் நாற்பத்து மூன்று, அதிலும் பாதிக்கு மேல் மாடியில் இன்னொரு குடித்தனம். மலையைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போக வேண்டும். எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஏழு வீடாக இருந்தபோது சாயங்காலம் பேச ஆள் கிடையாது. இப்போது முக்கில் ஒரு பெட்டிக்கடை, இஸ்திரி வண்டி, மாவு அரைத்து விற்கும் வீடு, கோலப் போட்டி, சண்டை எல்லாம் உண்டு. சேத்தூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பிள்ளைகள் படிப்புக்காகக் குடிவந்தவர்கள், வடக்கேயிருந்து மில் வேலைக்கு வந்து மூன்றாம் மாடியில் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவர்கள் என்று தெரு நிறைந்துவிட்டது. நிறைந்த தெரு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் ஆட்கள் வந்த வேகத்தில் குழாய் வரவில்லை. முதலில் தினமும் வந்த தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாளாகி, நான்கு நாளாகி, எட்டு நாளில் வந்து நின்றது. எட்டு நாளைக்கு வேண்டியதைப் பிடித்து வைக்க வீட்டுக்கு நாலு, ஐந்து நீல டிரம் வந்தது. மழைத்தண்ணீர் ஓடிய ஓடையின் மேல் மனை போட்டு வீடு கட்டிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் வந்து தேங்கியது. டிரம்மும் தேக்கமும் சேர்ந்தால் கொசு. அதுவும் பகலில் கடிக்கிற, காலில் வெள்ளை வரி போட்ட கொசு. ஐப்பசி மழை பிடித்ததும் காய்ச்சல் வந்தது. அக்டோபர் 29க்குள் மூன்று வீடு. நான்காம் வீட்டுப் பெண்ணுக்கு ரத்தம் பார்த்து டெங்கு என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, தீபாவளிக்கு முந்தின நாள் வந்து, மத்தாப்பு கொளுத்தினாள். மற்ற இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

எங்கள் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று நாள் குறித்தாகிவிட்டது. வளையல் போட்டு, அன்றே தாய்வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். முதல் பிரசவம் இங்கேதான். என் மனைவி ஆடி மாதமே மேற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி சரியாக இருக்கிறதா என்று தொங்கிப் பார்த்தவள். (இது மிகைப்படுத்தல் அல்ல. ஆகஸ்ட் 4, நோட்டில் இருக்கிறது.)

தீபாவளி கழிந்து இரண்டாம் நாள், நவம்பர் 2, சம்பந்தியம்மா போன் செய்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைத்துப் பேசுகிற வழக்கம் கிடையாது.

"சம்பந்தி, ஒங்க தெருவுல காய்ச்சல்னு கேள்விப்பட்டேன். எத்தன பேருக்கு?"

"மூணு பேருக்கு. எல்லாரும் எந்திச்சிட்டாக."

"எந்திச்சது சந்தோசம். ஆனா இவ வயித்துல பிள்ளைய வச்சிருக்கா. வளைகாப்ப நடத்துவோம். ஒங்க தெருவுல பதினஞ்சு நாளைக்குப் புதுக்காய்ச்சல் ஒண்ணும் இல்லன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா இங்கயே இருக்கட்டும். கோவிச்சுக்கிறாதீக."

கோபிக்க ஒன்றுமில்லை, நியாயம் அவர் பக்கம். நோட்டில் கணக்குப் போட்டேன். 24இலிருந்து பதினைந்து நாள் பின்னால் போனால் நவம்பர் 9. அதற்குள் தெருவில் கொசுவை ஒழிக்க வேண்டும். என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தேதியைப் பார்த்தாள்.

"மொதப் பிள்ளைய பெத்துக்க எம்பிள்ள எங்கிட்ட வரலன்னா நான் என்ன தாயி" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நின்றாள்.

அடுத்த வீட்டு அம்மா வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர். இருபது வருடமாக எங்களுக்கு நல்ல பழக்கம். இரண்டு பெண்களும் சேர்ந்தால் தெருவில் எதுவும் நடக்கும். மறுநாள் ஞாயிறு காலையில் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். டிரம்மின் உள்ளே வெளிச்சம் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்ப்பது என் வேலை. எழுதுவதும் என் வேலை. அடுத்த வீட்டு அம்மா "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று டிரம்களை எண்ண, நான் தமிழில் எழுதினேன். நாற்பத்து மூன்று வீட்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு டிரம். புழு இருந்தவை முப்பத்தொன்று.

வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலிசெய்து தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் பெண் எப்போதும் சொல்வாள். மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முப்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் சிறு டார்ச், ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு அட்டை. அதில் தேதி போட்டுக் கையெழுத்திடுவாள். அந்த அட்டைக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை யார் கொட்டுவார்கள்?

"ஏட்டி, நாங் கால் கடுக்க நின்னு பிடிச்ச தண்ணி. ஓங்கிட்ட சொல்லிட்டுக் கீழ ஊத்தவா?" என்று மாவு விற்கும் அம்மா அவளிடம் சண்டைக்குப் போனதை நானே கேட்டிருக்கிறேன்.

"ஊத்த வேண்டாம்க்கா. மூடி வைங்க. மூடி ஒடஞ்சு கெடக்கு, அதத்தான் சொல்லுதேன்" என்பாள் அவள்.

மூடி உடைந்த டிரம்களுக்கு வழி கண்டது வடக்கு வரிசையில் குடியிருக்கும் ஒருவர். பக்கத்து ஊரில் தறி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிறவர். கறை பட்டு, ஓரம் பிசிறி, விற்கத் தேறாத துணி ஒரு மூட்டை அவரிடம் இருந்தது. வலைபோல இருக்கும் அதை நாலாக மடித்தால் கொசு நுழையாது, காற்றுப் போகும். தெருவிலிருந்த தையல் மிஷின்கள் எல்லாம் அன்று மத்தியானமே ஓடின. பெண்களின் நைட்டி தைத்து மிஞ்சிய இலாஸ்டிக்கை விளிம்பில் வைத்துத் தைத்து, டிரம்மின் தலையில் மாட்டினார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் தெருவில் நடந்து போனால் வாசலுக்கு வாசல் தலையில் கட்டுப்போட்ட நீல டிரம்கள் உட்கார்ந்திருந்தன.

பெட்டிக்கடைக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "தெருவுல பெரிய அடிதடி போல. ஒருத்தன் மண்டையும் மிஞ்சல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் வடக்கத்திப் பையன்கள் கீழே வாசலில் இருந்த தங்கள் டிரம்முக்குக் கட்டுப் போட்டது மட்டுமில்லாமல் அதில் கண், மூக்கு வரைந்து, கன்னத்தில் கண்ணீரும் வரைந்திருந்தார்கள். எட்டு மாதமாக அவர்களோடு ஒரு வார்த்தை பேசாத என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அன்று சாயங்காலம் அவர்களுக்குப் பணியாரம் கொடுத்தனுப்பினாள். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பாத்திரம் கழுவித் திரும்ப வந்தபோது அதில் கொஞ்சம் வெல்லம் இருந்தது.

நவம்பர் 9 நல்லபடியாகப் பிறந்தது. புதுக்காய்ச்சல் இல்லை. மறுநாள் ஞாயிறு, எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையைச் சுத்தம் செய்தோம். இதற்கு யோசனை சொன்னது நான்தான் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். எங்கோ வெளிநாட்டு நகரத்தில் முற்காலத்தில் ஒரு மருத்துவர் நோய் வந்த வீடுகளைப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்து, காரணமான குழாயைக் கண்டுபிடித்த வரலாற்றை வாசித்திருக்கிறேன். அதே போல எங்கள் தெருவை வரைந்து, காய்ச்சல் வந்த வீடுகளில் சிவப்புப் புள்ளி வைத்தேன். மூன்று புள்ளியும் காலி மனையைச் சுற்றி நின்றன. படத்தைப் பெட்டிக்கடையில் ஒட்டினேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள். பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிறு ஒரு திருவிழா மாதிரி. முழங்கால் அளவு புதரை வெட்டினார்கள். பிளாஸ்டிக் தம்ளர், தேங்காய்ச் சிரட்டை, ஓட்டை வாளி, ஒரு ஸ்கூட்டர் டயர், யாரும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத ஒரு கக்கூஸ் பீங்கான். தேங்கிய தண்ணீருக்கு ஒரு சால் வெட்டி ரோட்டோரச் சாக்கடையில் விட்டார்கள். மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சாதம். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் மண்வெட்டியோடு மேடான இடத்தில் நின்று, "இந்த மனைய வாங்கினவன் வந்து பாத்தா, விலைய ஏத்திருவான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, நவம்பர் 12, அதே ஆட்டோக்காரருக்குக் காய்ச்சல்.

என் மனைவி அன்று சாப்பிடவில்லை. கேட்டால், "பசிக்கல" என்றாள். மேற்கு அறைக்குள் போய், மகளுக்காகப் போட்டு வைத்திருந்த கட்டிலின் விரிப்பைச் சுருட்டி பீரோவில் வைத்துவிட்டு வந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, 14ஆம் தேதி, காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. வழக்கம்போல் குழாய்க்கு நேராகப் பாட்டிலைப் பிடித்து மாதிரி எடுத்தேன். தேதிச் சீட்டை ஒட்டி, பசை காயட்டும் என்று அடுக்களை ஜன்னலில் வைத்தேன். பத்து மணிக்கு மம்சாபுரத்துப் பெண் வந்தாள். ஆட்டோக்காரர் வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அந்த வீட்டுல ஒண்ணுமில்ல சார். காலி மனையும் காஞ்சு கெடக்கு. இந்தக் கொசு ரொம்பத் தூரம் பறக்காது. இங்கனதான் பக்கத்துல எங்கயோ ஊறுது."

"எல்லா டிரம்மும் நானே பாத்தாச்சும்மா. ரெண்டு தடவ."

"ஒங்க மாடி?"

"தொட்டி மட்டுந்தான். மூடியிருக்கு."

இதே கேள்வியை அவள் முன்னால் மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னதாக நினைக்கவில்லை. மாடியில் இருந்தவை என் கணக்கில் தண்ணீர் இல்லை. அவை மாதிரிகள்.

பசை காய்ந்திருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் புறப்பட்டேன். "அது என்ன சார்?" என்று கேட்டுக்கொண்டே அவளும் பின்னால் படியேறினாள்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடைக்கு அடியில், வெயில் படாத இடத்தில், செங்கல் அடுக்கி ஒரு அலமாரி செய்து வைத்திருந்தேன். அதில் வாயகன்ற ஊறுகாய்ப் பாட்டில்கள், வரிசையாகப் பத்தொன்பது. ஜூன் மாதம் முதல் தண்ணீர் வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. சீட்டில் தேதி, வந்த நேரம், நின்ற நேரம். ஊர் பெருகப் பெருகத் தண்ணீரின் நிறம் எப்படி மாறுகிறது என்று பின்னால் யாரேனும் கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்பது என் எண்ணம். ஒன்றுக்கும் மூடி கிடையாது.

மூடாததற்கு ஒரு காரணம் உண்டு. பஞ்சு மாதிரியை மூடி வைக்கவே கூடாது. பரிசோதிக்கும் முன் ஒரு நாள் முழுக்கக் கூடத்தின் காற்றில் திறந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் அதன் ஈரம் நிலைக்கு வரும், அளவு சரியாகக் கிடைக்கும். மூடிய மாதிரியைக் கொண்டுவந்த உதவியாளர்களை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் கை பழகிய முறை. தண்ணீருக்கும் அதையே செய்தேன். ஒரு நாளும் அதை யோசித்துப் பார்த்ததில்லை. வாரம் ஒரு முறை மேலே போய்ப் புதுப் பாட்டிலை வைத்து, எட்ட நின்று நிறத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன்.

அந்தப் பெண் குனிந்தாள். டார்ச்சை அடித்தாள். முதல் பாட்டில், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பட்டதும் கறுப்பு நூல் துண்டுகள் போலப் புழுக்கள் நெளிந்து அடிக்கு இறங்கின. செப்டம்பர் பாட்டில்களில் அதிகம். கடைசிப் பாட்டில்வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் ஏழு வருசமா இந்த வேல பாக்கேன் சார்" என்றாள் பிறகு. "டயர்ல பாத்திருக்கேன், பிரிட்ஜுக்குப் பின்னால பாத்திருக்கேன், கோயில் தீர்த்தத் தொட்டில பாத்திருக்கேன். தேதி போட்டு வளத்து இப்பத்தான் பாக்கேன்."

என் கையில் இருபதாவது பாட்டில் இருந்தது.

பத்தொன்பதையும் அவளே மாடித் தரையில் வெயிலில் கொட்டினாள். புழுக்கள் சுடு சிமெண்டில் துடித்து அடங்கின. நான் பாட்டில்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். சீட்டுகளை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போது என் தெருப்படம் நினைவுக்கு வந்தது. ஆட்டோக்காரர் வீட்டையும் சேர்த்தால் நான்கு புள்ளிகளும் காலி மனையைச் சுற்றியல்லவா இருந்தன. காலி மனைக்குப் பக்கத்துச் சுவர் எங்களுடையது. படம் வரைந்தவன் தன் வீட்டைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்திருக்கிறான்.

அடுக்களையில் மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"டார்ச் அடிச்சிக்கிட்டு ஊரு பூராம் போனீகளே."

"ஆமா."

"ஊறுகாப் பாட்டில் எங்க போச்சு, எங்க போச்சுன்னு நான் ஆறு மாசமாத் தேடுதேன்."

"ஆமா."

அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்போது அவள் வாயோரம் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் இருவருக்கும் அதே எண்ணம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமைக் காய்ச்சலோடு சம்பந்தியம்மாவின் பதினைந்து நாள் கணக்கு உடைந்துவிட்டது. 12இலிருந்து எண்ணினால் 27. வளைகாப்பு 24.

அன்று சாயங்காலம் பெட்டிக்கடை முன்னால் இருந்தவர்களிடம் நானே சொன்னேன். நான் மறைத்தாலும் மம்சாபுரத்துப் பெண் எழுதிய அட்டை மறைக்காது. கடைக்காரர் என் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, எங்கள் வீட்டின் மேல் பெரிதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, மறுபடி ஒட்டினார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் தெருவில் தலை நிமிர முடியவில்லை. மாவு வாங்கப் போனால், "அண்ணாச்சி, மாவு வேணுமா, மாதிரி வேணுமா?" என்பார்கள். அடுத்த வீட்டு அம்மா தன் டிரம் மேல் ஒரு சீட்டில் தேதி எழுதி ஒட்டிவிட்டார். காய்ச்சல் விட்டு வாசலில் கட்டிலில் கிடந்த ஆட்டோக்காரரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மெலிந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி" என்றார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் நோட்டப் பாத்துச் சொல்லுங்க. என்னக் கடிச்சது எந்தத் தேதிக் கொசு?"

பாட்டில்களைக் கொட்டிய அன்று இரவே சம்பந்தியம்மாவுக்கு நான் போன் செய்கிறேன் என்றேன். என் மனைவி விடவில்லை. "அவுக டீச்சர். நீங்க சுத்தி வளப்பீக. நான் உள்ளதச் சொல்லுதேன்" என்று போனை வாங்கினாள். பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மதினி, காய்ச்சல் எங்க வீட்டுலருந்துதான் போயிருக்கும் போல. இவுகதான் மாடியில பாட்டில்ல தண்ணிய மூடாம வச்சிருந்திருக்காக. கொசு வளந்திருக்கு. எல்லாத்தயும் இன்னைக்குக் கொட்டியாச்சு. முந்தாநாளு எதுத்த வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்லா."

அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் வந்தன.

"சம்பந்தியா வச்சிருந்தாக?"

"ஆமா."

"எத்தன பாட்டில்?"

"பத்தொம்பது. தேதி ஒட்டி."

"சரி. பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் 'பாப்போம்' எந்தப் பக்கம் சாய்கிறது என்று என் மனைவி இரண்டு நாள் யோசித்தாள். 15ஆம் தேதியிலிருந்து தினமும் காலையில் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிவரத் தொடங்கினாள். யாராவது தும்மினால்கூட நின்று விசாரித்தாள். வடக்கத்திப் பையன்கள் அவளைப் பார்த்ததும் வரிசையாக நின்று வாயைத் திறப்பார்கள். 15, 16, 17, 18, 19. என் நோட்டில் ஐந்து நாளும் ஒரே வரி: புதுக்காய்ச்சல் இல்லை.

20ஆம் தேதி, புதன், காலை 8.10க்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"சம்பந்தி, ஞாயித்துக்கெழம சாப்பாடு நம்ம வீட்டுல. ஆறு மணிக்கு மேல நல்ல நேரம். பிள்ளைய அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

"இருபத்தேழு வரைக்கும் கணக்கு இருக்கே" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"கணக்கு எனக்குந் தெரியும். கொசு வல ஒண்ணு கட்டிருங்க" என்றார் அவர்.

பீரோவிலிருந்து விரிப்பு மறுபடி கட்டிலுக்கு வந்தது. அதன் மேல் கொசுவலை கட்டினோம். 24ஆம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் போனார்கள். ஐந்து வகைச் சாதம் கட்டியிருந்தார்கள். அடுத்த வீட்டு அம்மா வளையல் அடுக்கும்போதும் பழக்கத்தில் தெலுங்கில்தான் எண்ணினார். மகளின் இரண்டு கையும் முழங்கைவரை கண்ணாடி வளையல். அவள் என்னைக் கூப்பிட்டுக் காதில், "அப்பா, நம்ம வீட்டுல எனக்கு எடம் இருக்கா, இல்ல எல்லா எடத்துலயும் பாட்டிலா?" என்று கேட்டாள்.

மாலை 6.35க்கு ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். தெருமுனையில் வண்டியிலிருந்து இறங்கி நடந்துதான் வருவேன் என்றாள். கட்டுப் போட்ட டிரம்களைப் பார்க்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் வாசல் வாசலாக ஆட்கள் நின்றார்கள். வளையல் சத்தத்தோடு வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் மெல்ல நடந்தாள். கண்ணீர் விடும் டிரம்மைப் பார்த்ததும் சிரிப்பு தாங்காமல் நின்றுவிட்டாள். ஆட்டோக்காரர் மனைவி ஆரத்தி எடுத்தார். என் மனைவி மகளின் கையைப் பிடித்து மேற்கு அறைக்குள் கூட்டிப் போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

27ஆம் தேதியும் கடந்தது. காய்ச்சல் இல்லை. பேத்தி ஜனவரி மாதம் ஒரு மத்தியானம் பிறந்தாள். இப்போது தெருவில் ஓடுகிறாள். தெருவிலும் வீடுகள் கூடியிருக்கின்றன; தண்ணீர் இன்னும் எட்டு நாளில்தான் வருகிறது. வந்த நேரத்தை எழுதுகிறேன். மாதிரி எடுப்பதில்லை.

சம்பந்தியம்மா பதினைந்து நாள் முடிவதற்கு முன் எப்படி மனம் மாறினார் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. நாம் உண்மையைச் சொன்னதால்தான் என்கிறாள் என் மனைவி. பாட்டிலுக்குத் தேதி ஒட்டியதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு அத்தை அடுக்களையில் உட்கார்ந்து சிரித்தார், அதற்குப் பிறகு கோபம் எங்கே நிற்கும் என்கிறாள் மகள். பெட்டிக்கடைக்காரர் சொல்வது வேறு. நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, மத்தியானம், தெரு ஆளரவமில்லாமல் கிடந்த நேரத்தில், குடை பிடித்த வயதான அம்மா ஒருவர் பஸ் நிறுத்தப் பக்கமிருந்து வந்து, ஒரு சோடா குடித்துவிட்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாராம். ஒவ்வொரு டிரம்மாக நின்று, துணியை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்து, மறுபடி சரியாக மாட்டினாராம். எங்கள் வீட்டுக்கு எதிரே நின்று மாடியை அண்ணாந்து பார்த்தாராம். கையில் பால்கோவா டப்பா இல்லை. ஆகையால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆள் என்று தனக்குத் தோன்றவில்லை என்கிறார். அன்று மத்தியானம் அத்தை வெளியே போயிருந்தது உண்மை, பேங்குக்கு என்று சொன்னார் என்கிறாள் மகள்.

சம்பந்தியம்மாவிடம் மூன்று முறை நேரிலேயே கேட்டுவிட்டேன். போன பொங்கலுக்குக் கேட்டபோது, "எல்லாத்தயும் எழுதி வக்கிறவுக நீங்கதான. ஒங்க நோட்டுல என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நோட்டில் நவம்பர் 19க்கு நேரே, பின்னால் பென்சிலால் சேர்த்தது, இவ்வளவுதான் இருக்கிறது: "சம்பந்தியம்மா வந்துபோனதாகத் தகவல். உறுதி செய்யப்படவில்லை."